பண்ணை வீதியும் அஜித்தின் ரேஸ் அணியும்



இரவில் பண்ணை வீதியில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் எங்கட பொடியளின் ஸ்டேட்டஸ் முழுக்க அஜித்குமார் ரேஸிங்தான். 2024இல் தொடங்கிய அணி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணித்தியாலப் போட்டிக்கு முந்திய பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. ஆள் தப்பினார், அந்தக் காருக்குள் இரும்புக் கூண்டு, பட்டி, தலையில் ஹெல்மெட். பிறகு அணிக்காகத் தன் அணிக் காரை ஓட்டாமல் விலகினார். மற்ற ஓட்டுநர்கள் (ஒருவர் ஆஸ்திரேலியர்) தங்கள் பிரிவில் மூன்றாமிடம் எடுத்தார்கள். எனக்குப் பெரிசாகப் படுவது அந்த விலகல்தான்.

எங்கட வீதியில் இரண்டு பக்கமும் கடல். பைக் வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கும் இது தெரியும்.

நேற்று முழங்காலில் கட்டோடு வந்த மாணவனிடம், “அஜித் விலகினது தெரியுமா?” என்று கேட்டேன். கொடியோடு நின்ற படம் மட்டும்தான் பார்த்தானாம்.