மூழ்காத படகு

2018 செப்டம்பரில், பாய்மரப் படகுப் பந்தயம் ஒன்றில் போன கடற்படை கமாண்டர் அபிலாஷ் டோமியைத் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. அப்போது கேட்ட பேச்சை இன்றும் கேட்கிறேன்: “முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கப் போனால் புயலில் கவிழ்ந்து மூழ்காமல் என்ன செய்யும்?”

கவிழ்ந்தது நிஜம். மூழ்கவில்லை. மணிக்கு 130 கிலோமீட்டர் காற்று, 14 மீட்டர் அலை. அவருடைய படகு ‘துரியா’ உருண்டது, பாய்மரம் ஒடிந்தது, டோமியின் முதுகெலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் ஆட்கள் வந்தபோது, எழ முடியாமல் அவர் படுத்துக்கிடந்தது அதே படகுக்குள்தான். இந்த வகைப் படகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஈயமாகவோ இரும்பாகவோ அடியில் இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டாம். படகு தாங்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் உடம்புதான் தாங்குவதில்லை.

“அப்படியானால் உயிர்காப்பு மிதவைக்கு மாறிவிடலாமே?” இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 1979 ஆகஸ்டில், ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. அயர்லாந்துக்குத் தெற்கே நள்ளிரவுப் புயலில் 24 படகுகளைக் கைவிட்டார்கள். அவற்றில் மூழ்கியவை ஐந்தே. மற்ற 19 பிறகு மிதந்தபடி கிடைத்தன. இறந்த 15 போட்டியாளர்களில் ஏழு பேரின் சாவு மிதவைகளோடு தொடர்புடையது. கிழிந்த, கவிழ்ந்த ரப்பர் மிதவைகள். அவர்கள் விட்டு இறங்கிய படகுகளில் சில காலையில் காலியாக ஆடிக்கொண்டு நின்றன. படகிலிருந்து மிதவைக்கு ஏறித்தான் போக வேண்டும், இறங்கிப் போகக் கூடாது என்பார்கள் கடலோடிகள். அதாவது, காலடியில் படகு தண்ணீருக்குள் போன பிறகே.

“கரைக்கு ஓடியிருக்கலாம்.” தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் கவிழ்ந்த படகுகளின் செய்தியைப் படித்தவர் இதைச் சொல்லமாட்டார். ஆழம் குறையக் குறைய அலை நிமிர்ந்து நின்று உடைகிறது. படகைப் புரட்டுவது அலையின் உயரத்தைவிட அது உடையும் அறைதான். படகு நீளத்தில் பாதியைத் தாண்டிய உயரத்தில் ஓர் அலை பக்கவாட்டில் உடைந்தால், நல்ல படகும் உருளும். அதனால்தான் அனுபவசாலிகள் கரையை விட்டு விலகி, பாயைச் சுருக்கி, பின்னால் நீளக் கயிறு இழுத்து, விலா காட்டாமல் காத்திருக்கிறார்கள்.

புயலை முன்கூட்டியே காட்டச் செயற்கைக்கோள் இருக்கிறதே என்பது கடைசி வாதம். எந்த மாதம் புறப்படலாம் என்பதற்கு அது உதவும். ஆனால் படகு போவது மணிக்குப் பதினோரு கிலோமீட்டர். தென்கடல் தாழ்வழுத்தம் ஐம்பதில் வரும். லாரி வருவது தெரிந்தால் மட்டும் மாட்டுவண்டி முந்திவிடுமா?

டோமி, 2018-இல் போன அதே பந்தயத்துக்கு 2022-இல் மறுபடி போனார், 36 அடிப் படகில். ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து இரண்டாவதாகக் கரையேறினார். முதலில் வந்த தென்னாப்பிரிக்கர் கிர்ஸ்டன் நொய்ஷேஃபரின் படகும் 36 அடிதான்.