ரேடியேட்டர் மாற்றுவதும் தமிழில் எழுதுவதும்

இலக்கியம் பேசும் இடத்தில் ரேடியேட்டருக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அன்று முதல் இந்தப் பக்கத்து மனிதர்களின் அன்றாடப் பேச்சில் இயந்திரம் ஒரு குடும்ப உறுப்பினர்போல இருந்து வருகிறது. இன்று அந்த இடத்தில் இருப்பது சிறிய டீசல் சரக்கு வண்டி. 2005இல் வந்த டாடா ஏஸுக்குக் 'குட்டி யானை' என்று மக்களே பெயர் வைத்தார்கள். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப்பும் சேர்ந்துகொண்டது. கோயம்பேட்டுக் காய்கறியும் தொழிற்பேட்டை இரும்பும் வீடு மாற்றுகிறவர்களின் பீரோவும் இவற்றில்தான் போகின்றன.

இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. மாதத் தவணை தேதி தவறாமல் வரும். வண்டி மூன்று நாள் நின்றால் மூன்று நாள் வருமானம் போவதோடு, வாடிக்கைச் சரக்கும் வேறொருவர் வண்டிக்குப் போய்விடும். ஆகவே ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கினால் அவர் அவசரத்தில் முடிவெடுக்கிறார். அவர் முன்னால் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன: வண்டி நிறுவனத்தின் அசல், கடைத்தெருவில் கிடைக்கும் மலிவான புதியது, புதுப்பேட்டையில் கிடைக்கும் பழையது. மூன்றும் விலையைப் பற்றிய பதில்கள். பழையது ஏன் செத்தது என்ற கேள்வி அவற்றில் எதிலும் இல்லை.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வரிசை சொல்கிறார்: முதலில் நோய், பிறகு அதன் காரணம், பிறகு தீர்க்கும் வழி, கடைசியில் செய்கை. வகுப்பறையில் ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். பட்டறை வாசலில் இதே வரிசை தலைகீழாகிறது. வண்டி சூடேறுவதற்கு ரேடியேட்டர் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் எரிவாயு நீருக்குள் புகுந்து குமிழியிடும். இவற்றைப் பார்க்காமல் புது ரேடியேட்டர் பூட்டினால் நோய் அப்படியே இருக்கும். செலவு மட்டும் இருமடங்காகும்.

காரணங்களில் மிகவும் எளிமையானதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். அது தண்ணீர். எங்கள் பகுதியில் பல வீடுகளின் போர்வெல் நீர் குழாய் முனையிலும் வாட்டர் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாக உப்பைப் படியவிடுவதைப் பார்க்கிறோம். அதே நீரைத்தான் குடத்தில் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். சூடான நீரில் சுண்ணாம்பு உப்பு இன்னும் விரைவாகப் படியும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன், அலுமினியத்தின் திறனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அலுமினியக் குழாய்களை உப்பு நீர் அரிக்கவும் செய்யும். ஒழுகும்போது மஞ்சள் தூளைப் போட்டு அடைக்கிற பழக்கமும் உண்டு. நடுவழியில் வண்டியை வீடு சேர்க்க அது உதவலாம். அதையே வைத்தியமாக நம்பினால் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடும்.

"நம்ம ஊரில் தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. உறைவதைத் தடுப்பது கூலன்டின் வேலைகளில் ஒன்று மட்டும். அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் மற்றவை. சென்னை வெயிலுக்கு இந்த இரண்டும்தான் தேவை. கொதிநிலையை உயர்த்துவதில் மூடிக்கும் பெரிய பங்குண்டு. 0.9 என்று எண் பொறித்த மூடி, உள்ளே அவ்வளவு பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூட ஏறக்குறைய 119 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சுருள் தளர்ந்த மூடியை வைத்துக்கொண்டு ரேடியேட்டரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

செம்பா அலுமினியமா என்ற விவாதம் டீக்கடை வரை வந்துவிட்டது. செம்பு அலுமினியத்தைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அதன் எடை மூன்று மடங்குக்கு மேல். அலுமினியத்தில் அகலமான தட்டைக் குழாய்களைத் தகடுகளோடு உருக்கி இணைக்க முடிவதால், நடைமுறையில் அது பின்தங்குவதில்லை. செம்பின் உண்மையான பெருமை வேறு: அதைப் பழுதுபார்க்கலாம். தொட்டியைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுக் குத்தி, ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து மீண்டும் ஓடவைத்த கைகள் இந்த வட்டாரத்தில் நிறைய இருந்தன. பிளாஸ்டிக் தொட்டியை விளிம்பு மடித்துப் பொருத்திய இன்றைய அலுமினிய ரேடியேட்டரில் அந்தக் கைகளுக்கு வேலை குறைவு. இதற்காக வருந்துகிறவன்தான் நானும். ஆனால் ஈயப் புகையைச் சுவாசித்தே அந்தத் தொழில் நடந்தது என்பதை மறைத்துவிட்டு ஏக்கப்படுவது நேர்மையாகாது. பழைய வண்டிக்குச் செம்பு ரேடியேட்டர் இருந்து, நல்ல பட்டறையும் அருகில் இருந்தால் பழுதுபார்ப்பதே நல்லது. புதிய வண்டிக்கு அது எதனோடு வடிவமைக்கப்பட்டதோ அதே வகையை வாங்குவதே சரி. 2020இல் பிஎஸ்-6 வந்த பிறகு, புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் வண்டிகளில் அந்தச் சூட்டையும் இதே நீர்தான் சுமக்கிறது. அளவில் குறைந்த ரேடியேட்டரை அந்த எஞ்சின் மன்னிக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் உட்பகுதியின் தடிமன், குழாய் வரிசைகள், தகடுகளின் நெருக்கம் ஆகியவை பழையதோடு பொருந்துகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எடையில் பெரிய குறைவு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். அழுத்தச் சோதனை செய்து காட்டச் சொல்ல வேண்டும். தேதியிட்ட ரசீது வாங்க வேண்டும். பூட்டுவதற்கு முன் எஞ்சினுக்குள் இருக்கும் பழைய சேற்றை அலசி வெளியேற்ற வேண்டும். மூடியையும் புதிதாக மாற்ற வேண்டும். புதுப்பேட்டைப் பழைய ரேடியேட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உள்ளே எந்த ஊர்த் தண்ணீர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

இனி நம் துறைக்கு வருகிறேன். மேலே சொன்ன எதுவும் இரகசியமில்லை. வண்டியோடு வரும் கையேட்டிலும் கூலன்ட் டப்பாவிலும் பெரும்பகுதி எழுதியிருக்கிறது. நான் பார்த்தவற்றில் அவை ஆங்கிலத்தில் இருந்தன. பொதியப்பட்ட பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், கட்டாய விவரங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன; கூடுதலாக வேறு மொழியையும் அச்சிடலாம், தடையில்லை. தடையில்லாத இடத்திலும் தமிழ் இல்லை என்பதுதான் செய்தி. பாடியில் ஆலை வைத்திருக்கும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990களின் தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்து ஆலையிலிருந்து ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திரங்களை வாங்கி வந்து, அமெரிக்க வண்டிகளுக்கே மூடி அனுப்பியது. உலகத்துக்கு மூடி செய்யத் தெரிந்த ஊரில், மூடியின் மேலிருக்கும் எண்ணுக்குப் பொருள் சொல்ல ஒரு தமிழ் வரி இல்லை.

நாமோ ரேடியேட்டருக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம். ரேடியேட்டர் ரேடியேட்டராகவே இருக்கட்டும். பட்டறையில் அது என்றோ தமிழாகிவிட்டது. இல்லாதிருப்பது வாக்கியம். "எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்" என்ற ஒரு வாக்கியத்தைச் சுருக்கமாக, பிழையின்றி, பத்தாம் வகுப்பு படித்தவருக்கும் புரியும்படி எழுதத் தமிழ் முதுகலை மாணவர்களைப் பழக்கினால் என்ன? அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர் பொருளைச் சரிபார்க்கட்டும், நம் மாணவர்கள் மொழியைச் செய்யட்டும். ஒரு பருவத்துக்கு ஒரு கையேடு போதும். சிற்றிதழ்களில் நடையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவருக்கும் அந்த நடையில் கொஞ்சம் பங்கு கொடுக்கலாம் என்பதே என் கருத்து.