சிங்க் அடியில கொஞ்சம் குனிஞ்சு பாருங்க

போன மாசம் எங்க வீட்டு சிங்க் அடியில இருக்கற கதவு அம்மா கையோட வந்துடுச்சு. குப்பைக்கூடையை எடுக்கத்தான் திறந்தாங்க. கீல் அப்படியே கதவுல இருக்கு, திருகு பிடிச்சிருந்த பலகைதான் மாவா உதிர்ந்து போச்சு. மாடுலர் கிச்சன் போட்டு மூணு வருஷம்தான் ஆகுது. வெளியே இன்னும் பளபளன்னுதான் இருக்கு. உள்ளே அடிப்பலகை டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி உப்பி நிக்குது.

அது பார்ட்டிகிள் போர்டு. மரச்சீவலைப் பசையில கலந்து அழுத்தி, ரெண்டு பக்கமும் லேமினேட் ஒட்டின பலகை. லேமினேட் இருக்கற பக்கம் தண்ணி இறங்காது. ஆனா வெட்டின ஓரம்? எங்க வீட்டுல குழாய் போறதுக்கு ஓட்டை போட்டவர் அந்த ஓரத்தை மூடவே இல்லை. சொட்டுச் சொட்டா ஒழுகினது அது வழியா உள்ளே போயிடுச்சு. ஒரு தடவை உப்பினா காய்ஞ்சாலும் பழையபடி ஆகாது, திருகும் நிக்காது. எம்.டி.எஃப். கதையும் கிட்டத்தட்ட இதேதான். டிவி ஸ்டாண்டுக்கு ரெண்டும் பரவாயில்லை. சிங்க் பக்கம் வேண்டவே வேண்டாம்.

"அப்ப ப்ளைவுட் போடலாமே"ன்னு கேப்பீங்க. போடலாம், ஆனா பலகையில என்ன முத்திரை இருக்குன்னு பாருங்க. எம்.ஆர்.னு இருந்தா ஈரப்பதத்தை மட்டும்தான் தாங்கும், தண்ணியை இல்லை. கடையில கமர்ஷியல் ப்ளைன்னு குடுக்கறது பெரும்பாலும் இதுதான். பி.டபிள்யூ.ஆர். கொஞ்சம் மேல். ஐ.எஸ். 710ன்னு போட்ட மரைன் ப்ளைதான் சமையலறைக்குச் சரி. அதோட பசை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில கிடந்தும் விடக்கூடாதுங்கறது விதி. செவப்பா இருந்தா மரைன்னு நம்பிடாதீங்க, சாயம் பூசறதும் உண்டு.

டபிள்யூ.பி.சி. பலகையைத் தண்ணியும் கரையானும் ஒண்ணும் பண்ணாது. ஆனா நீளமான தட்டா போட்டு பாத்திரம் அடுக்கினா நடுவுல தொய்யும்.

என்னைக் கேட்டா சிங்க் அடியில மரமே வேண்டாம். பாட்டி வீட்டுல செங்கல் சுவர் எழுப்பி கடப்பா கல் தட்டு வெச்சிருக்காங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி போட்டது. ஈரத்துணியால துடைக்கிறதோட சரி. இப்ப அத்தை புதுசா வீடு கட்டறாங்க. அவங்க பொண்ணு கடப்பா கல்லுன்னாலே "பழங்காலத்து வீடு மாதிரி இருக்கும்"ங்கறா. கதவை மூடிட்டா உள்ளே என்ன கல்லுன்னு யாருக்குத் தெரியப் போகுது? கதவு மட்டும் மரைன் ப்ளையில போட்டு அவளுக்குப் பிடிச்ச கலர் ஒட்டிக்கலாம். இழுப்பறை மாட்டறதுதான் கல்லுல கஷ்டம், அதுக்கு அடுப்புப் பக்கம் ரெண்டு பெட்டி ப்ளையிலயே செஞ்சுக்கலாம். வாடகை வீடுன்னா இந்த யோசனையே செல்லாது, கல்லைப் பேத்தெடுத்துட்டுப் போக முடியாது.

பி.காம். படிச்சு என்ன பிரயோஜனம்னு கேக்கற அப்பாவுக்காக ஒரு கணக்கு. நேர்கோட்டு முறை தேய்மானம், சும்மா ஒரு உதாரணத்துக்கு: 30,000 ரூபாய் பெட்டி 3 வருஷம் வந்தா வருஷத்துக்கு 10,000. 60,000 ரூபாய்க்குப் போட்டது 20 வருஷம் வந்தா வருஷத்துக்கு 3,000. நாங்க மலிவுன்னு நினைச்சு வாங்கினது மூணு மடங்குக்கு மேல விலை! கொட்டேஷன்ல முதல் எண் மட்டும்தான் இருக்கும், வருஷம் இருக்காது. அதை நாமதான் கேக்கணும்.

எங்க வீட்டுல கொத்தனார் வந்து அரை நாள்ல சிங்க் அடியில ஒரு கடப்பா பலகை பதிச்சுக் குடுத்துட்டுப் போனார். கதவுக்கு ஆசாரி இன்னும் வரலை. இப்போதைக்கு அம்மாவோட பழைய புடவை ஒண்ணு திரையா தொங்குது.