மூன்று நிமிஷத்திற்கு அப்பால்

புதிய விமான சர்வீஸ் ஒன்று தொடங்கும் நாளில், விமான நிலையத்துத் தீயணைப்பு வண்டிகள் இரண்டு எதிரெதிரே நின்று, நீரை வளைவாகப் பீச்சி அவ்விமானத்தை வரவேற்பது வழக்கம். மறுநாள் பத்திரிகைகளில் அந்தப் படம் வெளியாகிறது. நம் ஜனங்களில் பெரும்பாலோர் விமான நிலையத் தீயணைப்புப் படையைப் பற்றி அறிந்திருப்பது இவ்வளவே. கல்யாண வீட்டு வாயிலில் பன்னீர் தெளித்து நிற்பவரைப் போல அவர்களை எண்ணிவிடுகிறோம். அவர்களுடைய உண்மையான வேலை யாது, அதற்கு அவர்கள் பெறும் பயிற்சி எத்தகையது, அதில் தேசம் செய்யத் தவறியது என்ன என்பவற்றைச் சிந்திப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

நகரத் தீயணைப்புப் படைக்கும் விமான நிலையப் படைக்கும் பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு. வீடு பற்றி எரிந்தால் வீட்டையும் காக்க வேண்டும், உள்ளே இருப்போரையும் காக்க வேண்டும். விமானம் பற்றி எரிந்தாலோ, விமானத்தைக் காப்பது இரண்டாம் பட்சம். மனிதர் வெளியேறும் வழியைக் காப்பதே முதற் காரியம். விமானத்தின் மேற்தகடு அலுமினியத்தாலாயது எனின், சிந்திய எண்ணெய் அதனருகில் எரியும்போது, ஒரு நிமிஷத்திற்குள்ளாகவே அது உருகித் துளைபட்டுவிடக் கூடும். வாயில்களில் பாதி மூடியிருந்தாலும் 90 வினாடிகளில் அனைவரும் வெளியேறும்படி விமானங்களை அமைக்க வேண்டும் என்று விதி வகுத்திருப்பதன் காரணம் இதுவே. எரியும் எண்ணெயின் மேல் வெறும் நீரை வேகமாகப் பீச்சினால், எண்ணெய் பரவித் தீயும் உடன் பரவும். ஆகையால் நுரையைப் போர்வை போலப் பரப்பிக் காற்றைத் தடுக்க வேண்டும். எங்கே முதலில் பரப்புவது, காற்று எத்திசையில் வீசுகிறது, எந்த வாயிலில் ஜனங்கள் இறங்குகிறார்கள் என்பதையெல்லாம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்மானித்தாக வேண்டும்.

1985 ஆகஸ்டு 22இல் மாஞ்செஸ்டரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. புறப்படும் தருவாயில் எஞ்சின் ஒன்று சிதறி, இறக்கையிலிருந்த எண்ணெய்த் தொட்டியைத் துளைத்தது. விமானி உடனே புறப்பாட்டை நிறுத்திவிட்டார்; விமானம் தரையை விட்டு எழும்பவேயில்லை. எனினும் அதிலிருந்த 137 பேரில் 55 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, புகையும் நச்சு வாயுவுமே. வீசிய காற்று தீயை விமானத்தின் உடல்மீதே தள்ளியது.

இந்த வேகத்தை முன்னிட்டே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் கால அளவு ஒன்றை நிர்ணயித்திருக்கிறது. அபாய அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று நிமிஷங்களுக்குள், ஓடுபாதையின் எந்த இடத்தையும் அடைந்து, குறித்த வேகத்தில் பாதி அளவேனும் நுரையைப் பீச்சத் தொடங்க வேண்டும். இரண்டு நிமிஷங்களுக்குள் செய்வது விரும்பத்தக்கது. விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் கொண்டு நிலையங்கள் பத்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பத்தாவது வகையில் குறைந்தது மூன்று வண்டிகளும், சாதாரணமாக உபயோகமாகும் 'பி' தர நுரைக்கு 32,300 லிட்டர் நீரும் தயாராக இருக்க வேண்டும். நமது சிவில் விமானத் துறை டைரக்டர் ஜெனரலின் விதிகளும் இந்த அளவையே பின்பற்றுகின்றன.

வண்டியும் நீரும் பணத்தால் கிடைக்கும். மனிதரைப் பயிற்சி ஒன்றே உண்டாக்கும். கல்கத்தாவிலும் டில்லியிலும் இந்திய விமான நிலைய ஆணையம் இதற்கெனப் பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. இரும்பினால் விமான வடிவம் செய்து, அதைச் சூழ உண்மையான தீயை மூட்டி, அதற்குள் புகப் பழக்குவது இத்தொழிலின் பாடங்களில் ஒன்று. முதுகிலே காற்றுக் குப்பியைச் சுமந்து, முகமூடி அணிந்து, கண் தெரியாத புகை அறையில் கையால் தடவியே மனிதனைக் கண்டெடுத்து வெளியே இழுத்து வருவது மற்றொரு பாடம். ஒவ்வொரு ஜாதி விமானத்திற்கும் வாயில் எங்கே, அதை வெளியிலிருந்து திறப்பது எப்படி, பாட்டரி எங்கே, பிராணவாயுக் குப்பி எங்கே என்பவை மனப்பாடமாக வேண்டும்.

இப்பாடத்தைப் புறக்கணிப்பதன் விளைவை ரியாத் நகரம் கண்டது. 1980 ஆகஸ்டு 19இல், உள்ளே தீப்பற்றிய சௌதி விமானம் ஒன்று பத்திரமாகவே தரையிறங்கியது. ஆனால் அது உடனே நிறுத்தப்படவில்லை. நின்ற பின்னரும் எஞ்சின்கள் மூன்று நிமிஷங்களுக்கு மேல் ஓடின. உள்ளிருந்தோர் வெளியேறவும் இல்லை. வெளியே வண்டிகள் நின்றன, ஆட்கள் நின்றனர்; எஞ்சின்கள் ஓய்ந்து ஏறக்குறைய 23 நிமிஷங்கள் சென்ற பின்னரே ஒரு கதவு திறக்கப்பட்டது. 301 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மீட்புப் படையினருக்குப் போதிய கருவியும் பயிற்சியும் அளிக்க மேலதிகாரிகள் தவறினர் என்பதை விசாரணை அறிக்கை காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. குற்றம் கதவருகில் நின்ற ஊழியனுடையதன்று, அவனுக்குக் கற்பிக்காமல் அங்கே அனுப்பியவர்களுடையது.

இனி நம் தேசத்து விஷயத்திற்கு வருவோம். சட்டம் பயின்றவர் எந்த விதியிலும் முதலில் தேடுவது, அது சொல்லாமல் விட்டது யாது என்பதையே. மூன்று நிமிஷ விதி ஓடுபாதையின் மேல் உள்ள இடத்தைக் குறிக்கிறது. பார்வை தெளிவாகவும் தரை நன்றாகவும் இருக்கும் வேளையைக் குறிக்கிறது. விபத்து இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் உடன்பட்டா வருகிறது? 2010 மே 22இல் மங்களூரில் விமானம் ஓடுபாதையின் முடிவைக் கடந்து பள்ளத்தாக்கில் வீழ்ந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்டு 7இல் கோழிக்கோட்டில், மழை பெய்யும் இரவில், மற்றொரு விமானம் அவ்வாறே குன்றின் விளிம்பைக் கடந்து சரிந்து துண்டாயிற்று. எண்ணெய் சிந்தியும் தெய்வாதீனமாகத் தீப்பற்றவில்லை. அப்படியிருந்தும் 190 பேரில் 21 பேரை இழந்தோம். தீயும் மூண்டிருந்தால் அந்தச் சரிவில் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவும் நெஞ்சு நடுங்குகிறது. கொரோனா நோய்க்கு அஞ்சி ஊரெல்லாம் அடங்கியிருந்த அந்நாளில், அக்கம்பக்கத்து ஜனங்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் ஓடிவந்து, அடிபட்டவர்களைத் தங்கள் வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். அந்த மக்களுக்கு நம் வந்தனம் என்றும் உரியது. ஆனால் அவர்களுடைய தைரியத்தை நம்பியா சர்க்கார் விமான நிலையம் நடத்துவது?

ஓடுபாதை முனையிலிருந்து 1,000 மீட்டர் வரையில் உள்ள அணுகு பகுதிக்கு அவசரப் பாதை அமைக்க வேண்டும் என்று சர்வதேச ஏற்பாடு சொல்லாமல் இல்லை. ஆனால் அது கட்டளையாக அல்ல, சிபாரிசாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சிபாரிசுக்கும் கட்டளைக்கும் உள்ள வேற்றுமை கோர்ட்டில் பெரிது. எரியும் விமானத்தில் அகப்பட்டவனுக்கு அது ஒன்றுமில்லை. குன்றின் மேல் ஓடுபாதை வைத்துள்ள நாம் அந்தச் சிபாரிசை நமக்கு நாமே கட்டளையாக்கிக் கொள்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

"விபத்து பல்லாண்டுக்கு ஒரு முறை நேர்வது, அதற்காக இத்தனை ஆட்களும் செலவும் வேண்டுமா?" என்று கேட்போர் உளர். ஏரிக்கரையைக் காப்பவன் வெள்ளமில்லாத ஆண்டில் சும்மா இருக்கிறான் என்று அவனை நீக்கிய ஊர் எது? வேலையில்லாத நாட்களே இப்படையின் பயிற்சி நாட்கள். அந்நாட்களைக் குறைப்பவன் சிக்கனக்காரனல்லன், விபத்து நாளுக்குக் கடன் வாங்குகிறவன். 2024 ஜனவரி 2இல் டோக்கியோ ஹனேடாவில் ஜப்பானிய பிரயாணி விமானமொன்று கடற்காவல் விமானத்தோடு மோதித் தீப்பற்றியபோது, பிரயாணி விமானத்திலிருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர். கடற்காவல் விமானத்தில் ஐவர் மாண்டது பெருந் துயரம். ஆனால் அந்த 379 உயிர்களைக் காத்தது அதிர்ஷ்டமன்று. வாயில் எது, எப்போது திறப்பது என்று அறிந்திருந்த சிப்பந்திகளின் பயிற்சியும், மூட்டைகளை விட்டுவிட்டு இறங்கிய பிரயாணிகளின் கட்டுப்பாடுமே.

பிறரைக் காப்போரின் உடல்நலத்தையும் பேச வேண்டும். தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் விளைவிக்கத் தக்கது என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2022இல் முடிவு செய்தது. ஆண்டுக்கணக்காக நுரையில் கலந்திருந்த புளோரின் இரசாயனங்களுள் ஒன்றையும் 2023இல் அதே வகுப்பில் சேர்த்தது. ஹீத்ரோ, கோபன்ஹேகன் முதலிய நிலையங்கள் புளோரின் இல்லாத நுரைக்கு மாறிவிட்டன. நம் நிலையங்கள் ஒவ்வொன்றிலும் எந்த நுரை இருக்கிறது, பயிற்சிக் களத்து மண்ணும் கிணற்று நீரும் எந்நிலையில் உள்ளன என்று ஊழியர் அறியும் உரிமை உடையவர். சுற்றுப்புறக் கிராமத்தாரும் உடையவர்.

ஆகவே நாம் கோருவது மிகையன்று. குன்றுமேல் நிலையங்களிலும் ஊர் சூழ்ந்த நிலையங்களிலும், ஓடுபாதைக்கு அப்பாலுள்ள இடங்களில் இரவிலும் மழையிலும் ஒத்திகை நடக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒரு முறை விதிப்படி நடக்கும் முழு ஒத்திகையில் மாகாணத் தீயணைப்புப் படையும், ஆஸ்பத்திரியும், அடுத்துள்ள பஞ்சாயத்தும் பங்கு பெற வேண்டும். அந்த ஒத்திகையில் கண்ட குறைகள் இரகசியக் கட்டில் உறங்காமல், ஜனப் பிரதிநிதிகள் முன் வைக்கப்பட வேண்டும். நிலையத்தை நடத்துவது ஆணையமாயினும் தனியாராயினும் பயிற்சி நாட்களில் ஒரு நாளும் குறையலாகாது. ஊழியருக்கு ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனை நடக்க வேண்டும்.

சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் நமது பிரதிநிதிகள் புதிய விமான நிலையங்களைக் கேட்டு வாங்குகிறார்கள், கேட்கட்டும். ஒவ்வொரு கோரிக்கையுடனும் இக்கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்களா: ஓடுபாதை முடிந்த இடத்திலிருந்து எத்தனை நிமிஷத்தில் உதவி வரும்? அதற்கு ஒத்திகை பார்த்துப் பெற்ற விடை இல்லாத நிலையத்தை, வண்டிகள் எவ்வளவு அழகாக நீர் பீச்சினாலும், திறப்பு விழாவுக்குத் தயாரானதாக நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.