பெட்ரூம் இருக்கு... கிச்சன் எங்கே?

என் பெயரில் இந்தப் பூமியில் இருக்கும் அசையாச் சொத்து ஒன்றே ஒன்றுதான். மாடிப்படிக்குக் கீழே ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் என் ஸ்கூட்டர்!

ஆகவே, ஆபீஸ் கேன்டீன் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்ததும் டீ ஆறி ஆடை படியும் வரை நின்று படித்தேன். 'பறவைகளின் இன்னிசையில் கண்விழியுங்கள்! வேடந்தாங்கல் சரணாலயத்துக்கு நாலே கிலோமீட்டர்! சுலபத் தவணை! ஞாயிறுதோறும் இலவச வேன்! மதியம் பிரியாணி! (சைவர்களுக்குத் தயிர் சாதம்)'.

பக்கத்து ஸீட் நண்பரை யோசனை கேட்டேன். மனுஷர் இந்த விஷயத்தில் பழுத்த அனுபவஸ்தர். இலவச வேன் ஏறி இதுவரை 11 லே-அவுட்டுகளைப் பார்த்தவர். ஒரு சதுர அடிகூட வாங்கியதில்லை. "பிரியாணி எப்படின்னு பார்த்துட்டு வரலாம் வாய்யா" என்றார்.

நான் அப்படியில்லை. நிஜமாகவே வாங்குகிற உத்தேசம். சொஸைட்டியில் லோன் போட்டு எடுத்த 25,000 ரூபாயைச் சட்டை உள்பாக்கெட்டில் வைத்து, மேலே ஊக்கு குத்திக்கொண்டேன். கிளம்பும்போது மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மத்ததெல்லாம் கிடக்கட்டும். தண்ணி இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க." லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வாஸ்து கிடையாது.

தை மாத ஞாயிறு. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்ரோட்டில் வேன் திரும்பியது. கூலிங்கிளாஸ் போட்ட ஏஜெண்ட் இளைஞர் எழுந்து நின்று அறிவித்தார்: "முதல்ல சரணாலயம் சார். அப்புறம்தான் சைட். பறவையைப் பார்த்தீங்கன்னா நீங்களே பணத்தை எடுத்து நீட்டிடுவீங்க."

ஏரிக்கரை மேல் ஏறினேன். பணத்தை நீட்டத் தோன்றவில்லை; வாயை மூடத்தான் மறந்துபோச்சு.

தண்ணீருக்குள் நிற்கின்றன கடப்ப மரங்களும் கருவேல மரங்களும். இலையே தெரியவில்லை. கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு சண்டை. காலை எட்டே முக்காலுக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுகிற கூட்டம் மாதிரி இருக்கிறது. கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள்மூக்கன்... மஞ்சள்மூக்கு நாரை ஒன்று, பத்து மணி வெயில் குஞ்சின் மேல் படாமல் இறக்கையைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. நான் என் பையனுக்குக் கடைசியாகக் குடை பிடித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. பேச்சை மாற்றுவோம்.

"எல்லாம் ஆஸ்திரேலியா பறவை சார்! பாஸ்போர்ட் இல்லாம, விசா இல்லாம வருது!" என்றார் ஏஜெண்ட். வேன் கோஷ்டி மொத்தமும் சிரித்தது.

கரையில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை. "தம்பி, அந்தக் கூழக்கடா உன்னையவிட உள்ளூரு" என்றார்.

பெரியவர் சொன்னது சரி. இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் நம் தேசத்துப் பறவைகள்தான். வடகிழக்கு மழையில் ஏரி நிரம்பியதும் வந்து சேர்ந்து, குஞ்சுகள் பறக்கத் தெரிந்துகொள்ளும் வரை இருக்கும். ஊசிவால் வாத்து மாதிரி வெளிநாட்டுக்காரர்களும் வருவதுண்டு. அவர்கள் வட ஆசியாவின் பனிக்குப் பயந்து வருகிறவர்கள். சாப்பிட்டு, தங்கி, வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். முட்டையிடுவதெல்லாம் சொந்த ஊரில்தான். உத்தியோகம் இங்கே, குடும்பம் அங்கே. நம் ஆபீஸ்களிலும் பாதிப் பேர் அப்படித்தானே?

நண்பர் நிழல் தேடிப் போய்விட்டார். நான் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை வருஷமா ஐயா இந்தப் பறவைங்க வருது?"

"எங்க பாட்டன், பூட்டன் காலத்துலேர்ந்து."

இது வாய்ச் சவடால் இல்லை. கும்பினியார் காலத்தில் துரைமார்கள் இங்கே துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட, கிராமத்து ஜனங்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798 வாக்கில் அவர்களுக்கு ஒரு கவுல், அதாவது உரிமைப் பத்திரம், கிடைத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மதுராந்தகத்தில் பேய்மழை இரவில், உடையப்போன ஏரிக்கரை மேல் வில்லும் கையுமாக இருவர் காவல் நிற்பதைப் பார்த்து அசந்துபோனதாக ஒரு துரை கதை சொல்வார்களே, ஏரி காத்த ராமர் கதை, அதே துரைதான்! 1858-ல் இன்னொரு கலெக்டர் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்தார். 1936-ல் அதிகாரபூர்வமாகச் சரணாலயம் ஆயிற்று. கவனியுங்கள், சர்க்கார் வந்து ஜனங்களுக்குச் சொல்லவில்லை. ஜனங்கள் போய் சர்க்காருக்குச் சொன்னார்கள்.

"புண்ணியம்னா காப்பாத்தினீங்க?"

"பாதி புண்ணியம். பாதி எரு" என்றார் பெரியவர்.

விஷயம் இதுதான். ஆயிரக்கணக்கில் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாகக் கழனிக்குப் பாய்கிறது. உர மூட்டைச் செலவு அந்த அளவுக்கு மிச்சம். அதனால்தான் தீபாவளிக்கு இங்கே வெடிச் சத்தம் கேட்காது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படித்தான். பறவை பயந்துவிடும் என்று அந்த ஊர்க் குழந்தைகள் பட்டாசையே விட்டுக்கொடுத்திருக்கின்றன. நம் வீட்டுப் பையனிடம் ஒரு கம்பி மத்தாப்பைப் பிடுங்கிப் பாருங்கள், தெரியும் சேதி!

பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு கூட்டம் நாரை ஏரியை விட்டுக் கிளம்பி மேற்கே பறந்தது. ஆபீஸ் புறப்பட்ட மாதிரி வரிசையாக.

"எங்கே போகுது? காலடியிலயே ஏரி இருக்கே, மீன் இருக்காதா?"

பெரியவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்த ஏரி மொத்தமே எழுபத்திச் சொச்சம் ஏக்கரு தம்பி. இத்தினி ஆயிரம் வாய்க்கு இதுல மீனு ஏது? இங்க படுக்கறதும் புள்ள பெத்துக்கறதும்தான். சாப்பாடெல்லாம் வெளியில. சுத்துவட்டாரத்து ஏரி, குளம், குட்டை, கழனி, அல்லாம் அதுங்க சமையக்கட்டு. அதான் அஞ்சு கிலோமீட்டர் சுத்தி சரணாலயம்னு சர்க்காரு எழுதி வெச்சிருக்குது."

ஊக்கு குத்திய பாக்கெட் லேசாக உறுத்தியது. நோட்டீஸில் 'நாலே கிலோமீட்டர்' என்றல்லவா போட்டிருந்தது?

சைட்டுக்குப் போனோம். வாசலில் கொடி, வளைவு, கலர் பேப்பர் தோரணம். உள்ளே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள். பாதி மனைகளுக்கு மண் கொட்டி முடித்தாயிற்று. மீதி இன்னும் உழுது தண்ணீர் கட்டிய கழனியாகவே இருந்தது. அதில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன ஏழெட்டு நத்தைகுத்தி நாரைகள். இந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து லாகவமாக எடுப்பதற்கென்றே அமைந்த அலகு. ஒன்று என் கண்ணெதிரே நத்தையை எடுத்து விழுங்கியது. அதற்குப் பிரியாணி நேரம்.

"அது செகண்ட் பேஸ் சார். ரெண்டடி மண்ணடிச்சு மேடாக்கிடுவோம். அந்த வாய்க்காலை மூடிட்டா முப்பதடி ரோடு" என்றார் ஏஜெண்ட்.

வாய்க்கால் என்று அவர் சொன்னது மேலேரியின் கலங்கலில் வழியும் தண்ணீரைக் கீழேரிக்குக் கொண்டுபோகிற வழி. செங்கல்பட்டுச் சீமையில் ஏரிகள் தனித்தனி இல்லை. ஒன்றின் மிச்சம் அடுத்ததின் சாப்பாடு. நடுவில் ஒரு ரோடு போட்டால் கீழே ஒரு ஏரி பட்டினி. ஏரி பட்டினியென்றால் கிணறு பட்டினி. ஏரி நிரம்பாத வருஷம் வேடந்தாங்கலுக்குப் பறவையும் அவ்வளவாக வராது.

பெரியவர் சொன்ன அந்த ஐந்து கிலோமீட்டர் 1998-ல் வந்த அரசாணை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தூரம் வரையுள்ள பகுதி முழுவதும் சரணாலயம். அதற்காக யாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லவில்லை. உழுகிறவர் உழலாம், குடியிருப்பவர் இருக்கலாம். ஆனால் 1972-ம் வருஷத்து வனஉயிரினச் சட்டத்தின் 29-வது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் பறவைகளின் வாழிடத்தைக் கெடுக்கவோ, உள்ளே வரும் தண்ணீரைத் திருப்பவோ, நிறுத்தவோ இஷ்டத்துக்கு முடியாது. அதற்குத் தலைமைக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பார்த்தீர்களா, சட்டம் எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது, பறவையைக் கொல்லத் துப்பாக்கி தேவையில்லை, ஒரு லோடு மண் போதும் என்று.

2020-ல் இந்த ஐந்தை மூன்றாகச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பி, பலமான எதிர்ப்பும் கிளம்பியது. 'ரெண்டு கிலோமீட்டர்தானே, போனால் போகிறது' என்றுதான் அன்றைக்குப் பேப்பர் படித்தபோது நானும் நினைத்தேன். இப்போது மனை விற்பனை நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பை ஆர் ஸ்கொயர்! ஐந்து கிலோமீட்டர் ஆரம் என்றால் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். மூன்று என்றால் 28. அதாவது நூற்றுக்கு 64 பங்கு அவுட்! ரெண்டு கிலோமீட்டர் போனால் போவது சமையலறையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. நான் நின்றுகொண்டிருந்த மனையும், அந்த நத்தைகுத்தியும் அந்த அவுட்டில் சேர்த்தி. நல்லவேளை, 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அது உலகம் முழுவதும் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல். 1971-ல் ஈரானில் ராம்சர் என்ற ஊரில் போட்ட ஒப்பந்தம்.

ஏஜெண்ட் ரசீது புத்தகத்தோடு வந்தார். "என்ன சார், முடிச்சிடலாமா?"

"பெட்ரூம் இருக்கு... கிச்சன் எங்கே?" என்றேன்.

"தென்கிழக்கு மூலை சார்! அக்னி மூலை! வாஸ்து பக்கா!"

"எனக்கில்லை. அந்த நாரைக்கு."

அவர் 'ஙே' என்று விழித்தார். பிறகு, பாவம், உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "சார், நீங்க ஒருத்தர் வாங்கலைன்னா பறவை பிழைச்சுடுமா? வேற ஒருத்தர் வாங்கத்தானே போறாரு?"

சத்தியமாக எனக்குப் பதில் தெரியவில்லை. விலையோ சென்னைப் புறநகரில் கேட்பதில் பாதிகூட இல்லை. கைவசம் பணம் இருக்கிறது. பையன் வளர்கிறான். வீட்டு ஓனர் வருஷா வருஷம் வாடகையை ஏற்றுகிறார். நாரைக்கு இத்தனை கஷ்டம் உண்டா? பாக்கெட்டில் ஊக்கைக்கூடக் கழற்றிவிட்டேன், மறைப்பானேன்.

அப்போது அந்த நத்தைகுத்தி கிளம்பியது. கனத்த தொண்டையோடு, நாங்கள் வந்த திசையிலேயே, ஏரியைப் பார்த்துப் பறந்தது. குஞ்சுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறது. நாளைக்கு இதே இடத்துக்கு மறுபடி வரும். வந்தால் இங்கே என் மஞ்சள் கல் இருக்கும்.

200 வருஷத்துக்கு முன்னால், 'நாம் சொன்னால் துரை கேட்பானா? நாம் தடுத்தால் இன்னொரு துரை சுடமாட்டானா?' என்று அந்த ஊர்க்காரர்களும் நினைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. நடந்து போயிருக்கிறார்கள், செங்கல்பட்டு வரைக்கும்.

ஊக்கை மறுபடி குத்திக்கொண்டேன்.

வேனில் நண்பர், "பிரியாணி சுமார்தான். அடுத்த வாரம் வேற சைட்" என்று 12-வது லே-அவுட்டையும் கணக்கில் எழுதிக்கொண்டார். நான் தயிர் சாதமும் சாப்பிடவில்லை. வாங்காதவன் சாப்பிடக்கூடாது என்று ஒரு ரோஷம்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "தண்ணி இருந்துதா?"

"இருந்துது" என்றேன். "அதான் வாங்கலை."