777 என்னும் சோம்பேறித்தனம்

லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாக மேக்கில் மவுன்ட் செய்கிறீர்கள். ஃபைல்கள் தெரிகின்றன. எழுதப் போனால் 'பெர்மிஷன் டினைடு'. பக்கத்து சீட் சீனியரிடம் கேட்டால் நாற்காலியை விட்டு எழாமலே பதில் வரும்: "சிஎச்மாட் 777 போடு தம்பி, சரியாப் போயிடும்." போட்டால் சரியாகத்தான் போகிறது. அதுதான் என் புகாரே.

777 என்றால் சொந்தக்காரர், குழு, மற்ற எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். ஃபோல்டருக்குப் போட்டால், உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். சாவி சேரவில்லை என்றதும் கதவையே கழற்றி வைக்கிறோம். சாவி ஏன் சேரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த இந்த என்எஃப்எஸ்ஸில், வழக்கமான அமைப்பில், கோரிக்கையோடு போவது உங்கள் பெயர் இல்லை. யூஐடி என்ற எண். மேக்கில் முதல் பயனர் 501. பெரும்பாலான லினக்ஸ்களில் 1000. ஃப்ரீபிஎஸ்டியில் 1001. இரண்டு பக்கமும் லாகின் பெயர் 'குமார்' என்றே இருக்கட்டும், சர்வருக்கு அது தெரியாது. 501-க்கு இங்கே உரிமை இல்லை என்று மறுக்கிறது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. 'எல்எஸ்' கட்டளையில் 'என்' ஆப்ஷனையும் சேர்த்து அடித்தால் பெயருக்குப் பதில் எண்கள் தெரியும். அரை நிமிட வேலை. இன்னொரு கூத்து: ஆபீஸில் ஐந்து மேக் இருந்தால் ஐந்திலும் முதல் ஆள் 501தான். சர்வர் கண்ணுக்கு ஐந்து பேரும் ஒரே ஆள்.

"நாலாம் வெர்ஷன்ல பேரே போகுதே சார்" என்பார்கள். போகிறது, ஃபைலின் சொந்தக்காரர் யார் என்று காட்டுவதற்கு. கெர்பரோஸ் வைக்காதவரை, உரிமையைச் சோதிப்பது அப்போதும் அந்தப் பழைய எண்ணை வைத்துத்தான். லிஸ்டில் உங்கள் பெயரே தெரியும், எழுத மட்டும் விடாது.

இந்த மருந்தை எல்லா நோய்க்கும் கொடுக்கிறோம். மேக்கிலிருந்து மவுன்டே ஆகவில்லையா? 777. உண்மையில் லினக்ஸ் சர்வர் 1024-க்குக் கீழான போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையைத்தான் ஏற்கும், மேக் அதற்கு மேலான போர்ட்டில் வந்திருக்கும். மவுன்ட் செய்யும்போது 'ரெஸ்வ்போர்ட்' என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது. 'தோட்டம்' என்ற ஃபைல் லிஸ்டில் இருக்கிறது, பெயரை டைப் செய்தால் இல்லை என்கிறதா? அதற்கும் 777. பழைய மேக் ஃபைல் சிஸ்டம் ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். நாம் லினக்ஸில் டைப் செய்வது பெரும்பாலும் ஒரே குறி. கண்ணுக்கு ஒன்று, பைட் கணக்கில் வேறு. மேக்கின் மவுன்ட் கட்டளையில் இதற்கென்றே 'என்எஃப்சி' என்ற ஆப்ஷன் உண்டு. யார் மேனுவலைப் படிக்கிறார்கள்?

எதிர்வாதம் தெரியும். லேப்டாப்பில் ரூட் இருக்கிறவன் எந்த யூஐடியையும் உண்டாக்கிக்கொள்ளலாம், அப்புறம் பெர்மிஷன் எதற்கு? நியாயம்தான். வேண்டுமென்றே நுழைபவனை இந்த எண்கள் தடுக்காது. அதற்குக் கெர்பரோஸ்தான் வேண்டும். ஆனால் நான் பார்த்த வரையில் ஃபைல்கள் போனது திருடனால் இல்லை, கைத்தவறால். கைத்தவறை இந்த எண்கள் தடுக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், டிசைனரின் மேக்குக்காக மொத்த ஷேருக்கும் 777 போட்டிருந்தார்கள். சில மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஆர்சிங்க்கை 'டிலீட்' ஆப்ஷனோடு ஓட்டினான். சோர்ஸ் பாதையைத் தப்பாகக் கொடுத்துவிட்டான், அது காலி ஃபோல்டர். அவனுக்குச் சொந்தமில்லாத ஃபைல்களெல்லாம் மளமளவென்று போயின. சர்வர் ஓரிடத்திலும் மறுக்கவில்லை. மறுக்கக் கூடாது என்று நாம்தானே சொல்லி வைத்திருந்தோம்.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியது அந்தப் பையன். 777 போட்டவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானும்தான். பேக்கப்பிலிருந்து இரண்டு நாளில் மீட்டார்கள். மேக்கில் மறுபடி 'பெர்மிஷன் டினைடு' வந்தது. அன்று மாலையே மறுபடி 777 போட்டார்கள்.