தலைநகர் மழையில் வழிப்போக்கர்



கசார்வாடியில் குடியிருக்கும் நம்மவருக்கு மும்பை தூரத்து ஊரன்று. வெளிநாடு செல்லும் மகனை வழியனுப்பவோ, பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கவோ லோக்கல் வண்டியில் சிவாஜிநகர் சென்று, அங்கே விரைவு வண்டி ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் மாநிலத் தலைநகரை அடைந்துவிடலாம். ஆனால் ஊர் அருகில் இருப்பதால் அதன் மழையையும் அறிந்திருக்கிறோம் என்று எண்ணலாகாது.

புனே, சகியாத்ரி மலைத்தொடரின் மறைவிலுள்ள ஊர். இங்கு ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 700 முதல் 800 மில்லிமீட்டர். 2005 ஜூலை 26 காலை முதல் மறுநாள் காலை வரை மும்பை சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. நமக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகமான மழை, ஒரே நாளில்! அதே நாளில் தென்முனையிலுள்ள கொலாபாவில் பதிவானதோ சுமார் 73 மில்லிமீட்டர்தான். நாம் நிற்கும் இடத்து வானத்தைப் பார்த்து, போகும் இடத்தின் நிலையைக் கணிக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

ஏழு தீவுகளை மண்ணிட்டு இணைத்து எழுந்த நகரம் மும்பை. அதன் பல பகுதிகள் கடல்மட்டத்தையொட்டித் தாழ்ந்திருக்கின்றன. கடல் ஏற்றத்தின்போது பெருமழையும் பெய்தால், வடிகால் நீர் கடலில் இறங்க வழியின்றித் தெருக்களிலேயே தேங்குகிறது. எனவே மழைக்காலத்தில் அங்கு செல்வோர், வானிலை எச்சரிக்கையோடு அன்றைய கடல் ஏற்ற நேரத்தையும் கேட்டறிவது நலம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் உறவினரும் ஊர்க்காரரும் மிகுதியாக வாழும் தாராவி மித்தி ஆற்றங்கரையில் இருக்கிறது. சயான், குர்லா, மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், தாதர் அருகே ஹிந்த்மாதா ஆகியவை தண்ணீர் தேங்குவதில் பெயர்பெற்ற இடங்கள். தமிழ் பேசும் வீடு தேடி நாம் போகும் வழியே பெரும்பாலும் வெள்ளத்தின் வழியாகவும் இருக்கிறது.

வழியில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? நிலையத்திலோ உயரமான கட்டடத்திலோ தங்கிவிடுவதே முதற்காரியம். வண்டி நின்றுவிட்டால் தண்டவாளத்தில் இறங்கி நடக்க வேண்டாம். தெருவெள்ளத்தின் அடியில் மூடியில்லாத பாதாளச் சாக்கடை இருக்கலாம். நகரை நன்கறிந்த மருத்துவர் ஒருவரே 2017 ஆகஸ்ட் 29 அன்று அப்படி விழுந்து உயிரிழந்தார். நீரின் நடுவே மரக்கிளையோ கம்போ நட்டிருந்தால், அங்கே குழி உண்டு என்று யாரோ வைத்த அடையாளம் அது. 2005-இல் சிலர் அடைத்த கார்களுக்குள்ளேயே சிக்கி மாண்டார்கள். ஆகவே நீர் ஏறும்போது வாகனத்தை விட்டு வெளியேறுங்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடக்க நேர்ந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அந்நீரிலிருந்து வரும். மும்பை மாநகராட்சியின் அவசர உதவி எண் 1916. அதைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கேட்கத் தயங்காதீர்கள். "புடே பாணீ ஆஹே கா?" (முன்னே தண்ணீர் இருக்கிறதா?) என்ற மராத்திக் கேள்வி போதும். மொழி தெரியாது, ஏளனம் செய்வார்கள் என்று கூசி, தெரியாத தெருவில் இறங்குகிறவரே ஆபத்தில் விழுகிறார். 2005-இல் மும்பையில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் அந்த இரவில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தது முன்பின் அறியாதவர்களின் கரங்களால்தான். குடிசைவாசிகள் கயிறு கட்டி மனிதரை அக்கரை சேர்த்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் கதவைத் திறந்துவைத்தன. வந்தவன் எந்த மொழிக்காரன், எந்த மதத்தான் என்று விசாரிக்க நேரமில்லை.

அந்த உபசரிப்புக்கு நாமும் கடன்பட்டவர்கள். லோணாவளாவுக்கும் கர்ஜத்துக்கும் இடையிலுள்ள மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நிற்கும் நாட்களில், மும்பைப் பயணிகள் நம் பக்கத்து நிலையங்களில் கைக்குழந்தைகளோடு காத்துக் கிடப்பதுண்டு. அடுத்த மழைக்காலத்தில் அப்படியொரு செய்தி வந்தால், ஒரு பாத்திரம் சூடான தேநீரோடு நிலையத்திற்குச் சென்று பாருங்கள்.